உன் அம்மா விட்டுவிட்ட பாட்டு

விக்டோரியா,
மார்ச் 9, 1994

அன்புள்ள மகள் சுவெட் யிங்குக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமென்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொண்டேன், ஆனாலும் எழுத்தில் ஒருமுறை விசாரிக்காமல் எனக்குத் திருப்தி வராது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை உன் அம்மா எப்போது என் கையில் தந்திருக்கிறாள், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்பதற்குள் பிடுங்கிக்கொள்வாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம், அதனால் முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஏகப்பட்ட சட்டதிட்டம். நீ இருப்பது இந்த நாட்டின் அந்தக் கோடியில் ஹாலிஃபாக்ஸில், ஆனால் இங்கே நான் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம், குழந்தைக்கு ஆகாதாம். குளியலறை அலமாரி ஒற்றை ஆணியில் தொங்குகிறது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பல் தேய்க்கிறேன். கட்டிலை நகர்த்தக் கூடாது, கத்தரிக்கோலை மெத்தைமேல் வைத்தால் தொலைந்தேன். இதெல்லாம் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் இப்போது பாட்டையும் விட்டுவிட்டாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் சீனர் சங்கத்துச் சேர்ந்திசைக் குழுவை நடத்துகிறாளே ரூபி, மளிகைக்கடை மாக்கின் மகள், அவள் கப்பலேறி இங்கே வந்த நம் ஆட்களைப் பற்றி ஒரு பெரிய பாட்டு கட்டியிருக்கிறாள். ஏப்ரலில் முன்னோர் கல்லறையைக் கூட்டிப் பெருக்கும் நாளன்று அந்தக் கடலோரக் கல்லறையிலேயே பாடுவதாக ஏற்பாடு. தங்கமலை என்று நம்பி வந்து, தண்டவாளம் போட்டும் துணி வெளுத்தும் செத்துப்போனவர்களின் எலும்பைத் தோண்டிக் கழுவிப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்களே, கடைசிப் பகுதி அதைப் பற்றியது. ஆண்கள் தாழ்ந்த குரலில் ஒரே சுருதியில் நிற்பார்கள், பெண்கள் ஊர்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டு போவார்கள், பிறகு எல்லாரும் நிறுத்திவிட ஒரே ஒரு பெண் குரல் இறந்தவரைக் கூப்பிடும். ஆவி வழிதவறிவிடாமல் பாலத்துக்குப் பாலம் நாம் கூப்பிடுவோமே, அதேதான். “அப்பா, பாலம் வருது, பாத்து வாங்க. அப்பா, கப்பல் வந்தாச்சு, ஏறுங்க.” அந்தக் குரல் உன் அம்மாவினுடையது என்று ரூபி முடிவு செய்தாள். அந்த இடம் தனக்குத்தான் என்றிருந்த திருமதி ஃபொங் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

உன் அம்மா பிறப்பதற்கு முன்பே அவள் அப்பா இங்கே வந்துவிட்டார், வந்தவர் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். போர் வந்து கப்பல் நின்றுபோனதில் அவர் எலும்பும் ஊர்போய்ச் சேரவில்லை, மற்றவர்களோடு அந்தக் கடலோரக் குழியில்தான் கிடக்கிறது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் ஒத்திகையில் அவளுக்கு ராகம் வந்தது, பாலம் வந்தது, கப்பல் வந்தது, அப்பா என்கிற சொல் மட்டும் வரவில்லை. மூச்சுப் பற்றவில்லையோ என்று ரூபி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். “மூச்செல்லாம் இருக்கும்மா. யாரையும் அப்படிக் கூப்பிட்டதே இல்ல, நாக்குக்குப் பழக்கமில்ல” என்றாள் உன் அம்மா. அவள் என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது, மாமனாரையாவது அப்படிக் கூப்பிட என் அப்பாவும் உயிரோடு இல்லை. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கு இது தோன்றியதே கிடையாது. அப்புறம் ஒரு நாள் வந்துவிட்டது, வாசலில் நின்று சின்னப் பெண் கூப்பிடுகிற மாதிரி வந்தது. திருமதி ஃபொங்கே மூக்கைச் சிந்தினாள். நாற்காலி அடுக்கப் போன நானும் அழுதேன், மறைப்பானேன்.

அந்த வாரமே உன் நல்ல சேதி வந்தது. பிள்ளையுண்டான பெண்ணின் தாய் கல்லறைக்குப் போய்ச் செத்தவரைக் கூப்பிட்டால் அவர் கூடவே வந்துவிடுவார் என்று உன் அம்மா விலகிவிட்டாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். “எங்கப்பா இவ்வளவு நாள் காத்திருந்தாரு, இன்னும் இருப்பாரு. பிள்ளைக்கு ஒண்ணு ஆனா நான் யாரைப் போய்க் கேப்பேன்” என்று என் வாயை அடைத்துவிட்டாள். இப்போது திருமதி ஃபொங்கைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள், அவளோ, முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து மாஜோங் ஆடுகிற அப்பாவை வைத்துக்கொண்டு கல்லறையில் நின்று அப்பா வாங்க என்பதா என்று நடுங்குகிறாள். நம் வீட்டில் உன் அம்மா பாத்திரம் கழுவும்போது அதைத்தான் பாடுகிறாள். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுகிறாள்.

அவள் பயத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை, உன்மேல் உள்ள உயிர்தான் அப்படிப் பயப்பட வைக்கிறது. ஆனால் பிள்ளை உன்னுடையது, அதனால் நீ சொன்னால்தான் எடுபடும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போய்ப் பாடு என்று சொல்லாதே, பிடிவாதம் கூடும். போனிலேயே எனக்குப் பாடிக் காட்டு என்று கேள். கூப்பிட்டால் வரப்போவது யாரோ அல்ல, இந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா, வந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொல்.

ஐஸ் தண்ணீர் குடிக்காதே. பனியில் வழுக்கும், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நட. நல்லபடி பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தும் பேனா நகராமல் உட்கார்ந்திருக்கிறேன், கடைக்காரன் முடிவெட்ட என்னைக் கூப்பிட்டுவிட்டான். உன் அம்மா நாக்குக்கு லேசில் வராத அந்தச் சொல்லால்தான், நீ வாய் திறந்த நாளிலிருந்து ஒரு யோசனையும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
அப்பா