கிணற்றடி அறை

அண்ணே,

காலையில் காரைக்குடி கோர்ட்டு வராந்தாவில் யாரோ சூடமிட்டாய் சாப்பிட்டார்கள். வாசனை வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். வாதத்துக்கு எழும்புமுன் ஒன்றை வாயில் அதக்கிக்கொள்வது உங்கள் பழக்கம். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

நாச்சியாபுரத்துப் பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன்காரருக்கு நான் வக்கீல், தம்பிக்காரருக்கு நீங்கள். உள்ளே கடித்துக் குதறிக்கொள்வோம். வெளியே வந்தால், "என்னா தங்கச்சி, இன்னைக்கு ரொம்பத்தான் கோவப்பட்டுட்டீக" என்பீர்கள். நாம் சிரிப்பதைப் பார்த்து அண்ணனும் தம்பியும் முறைப்பார்கள்.

அவர்களின் அக்கா பஞ்சவர்ணம் அந்த வீட்டுக் கிணற்றடி அறையில் இருந்தார். கல்யாணத்தின்போதே சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். புருஷன் கைவிட்டதும் அங்கேதான் திரும்பி வந்தார். சட்டப்படி ஒரு செங்கல்கூட அவருக்குக் கிடையாது. எழுத்தில் கேட்டிருந்தால் இரண்டு பேருமே முரண்டு பிடித்திருப்பார்கள். அதனால் வேப்பமரத்தடியில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "யாரு பங்குல விழுந்தாலும், அந்த அக்கா உசுரோட இருக்கிற வரைக்கும் ரூமைத் தொடக்கூடாது. உங்க ஆளை நீங்க பாத்துக்கங்க, எங்க ஆளை நான் பாத்துக்கிறேன்." நான் சரி என்றேன். அந்த அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். எதிரெதிர் வக்கீல்கள் வாய்வார்த்தை கொடுத்தால் அதை மீறுகிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

அளந்து பிரித்ததில் அறை உங்கள் கட்சிக்காரர் பங்கில் விழுந்தது. அடுத்த மாதமே நெஞ்சுவலி என்று போய்ச் சேர்ந்தீர்கள். அப்படி என்ன அவசரம் அண்ணே? எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

தம்பிக்காரர் புது வக்கீல் வைத்து, அறையைக் காலி செய்துதரச் சொல்லி மனுப் போட்டார். நல்ல பிள்ளைதான். நம் பேச்சைச் சொன்னேன். "அவுக சொன்னதுக்கு எழுத்து ஏதும் இருக்கா மேடம்?" என்றார். என்னத்தைக் காட்டுவேன்? என் கட்சிக்காரரிடம் போய், உங்கள் பங்கிலாவது அக்காவுக்கு ஒரு மூலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். "அது தம்பி பாடு. என்னைய ஏன் இழுக்கீக?" என்று எழுந்து போய்விட்டார்.

நேற்று கோர்ட்டு அமீனா வந்து அறையைக் காலி செய்துவிட்டார். அந்த அம்மா அழவில்லை. சாமான்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு நேரே என் ஆபீசுக்கு வந்தார்.

"வக்கீலய்யா சொல்லியிருக்காக தாயி, யாரும் தொடமாட்டாகன்னு. அவுகளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. ஓடியாந்துருவாக."

நீங்கள் இல்லை என்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை அண்ணே. நானும் "ஊருல இல்லம்மா, வந்துருவாக" என்று சொல்லிவிட்டேன்.

பின்னறையில் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன். வாசலில் யார் வண்டி நின்றாலும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார்.