மஞ்சளாகக் கூடாத குழி

அப்பா,

இன்று மாலை ஓவியப் போட்டிக்கான படத்தை முடித்துவிட்டுத் தூரிகைகளைக் கழுவினேன். வண்ணம் வைத்துக்கொள்ள நீங்கள் தந்த அந்தப் பிளாஸ்டிக் பட்டையைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். லேபில் காலாவதியான ரத்தப் பரிசோதனைக் கிட்டில் மிஞ்சியது. விரல் நீளத்தில் வரிசையாக எட்டுக் குட்டிக் குழிகள். எவ்வளவு அலசியும் முதல் குழியில் மட்டும் மஞ்சள் போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படியே விட்டிருப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. முதல் குழி மஞ்சளானால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவள் நான்.

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஓவர்டைம் என்பதால், நூலகப் புத்தகத்தோடு ரெட்டியார்பாளையத்தில் நீங்கள் வேலை பார்த்த லேபுக்கு வந்திருந்தேன். வெளியே பெஞ்சில் வைத்திக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் காலையிலிருந்து காத்திருந்தார். அவர் கணவருக்குக் கல்லீரலில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருந்தது. கெட்ட கட்டி என்றால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறலாம், அதை அளந்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு மணிக்குள் போகாவிட்டால் டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

அந்தக் கிட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களைக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டிருந்தேன். குழியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் பூசியிருப்பது, அந்த ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் நிறம் தருவதற்கான மருந்து போய் ஒட்டும். ஒட்டாமல் மிதப்பதையெல்லாம் கழுவிக் கொட்டிவிட வேண்டும். கடைசியில் நீலம் வரும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். முதல் குழியில் மட்டும் புரதமே இல்லாத திரவம். அதை நீங்கள் ‘சைபரு’ என்பீர்கள். அதில் நிறமே வரக்கூடாது.

அன்று கழுவும் மெஷின் அடைத்துக்கொண்டதால் கையாலேயே கழுவினீர்கள். நடுவில் கரண்டும் போய் வந்தது. கடைசியில் பார்த்தால் சைபர் குழி மஞ்சளாக இருந்தது. மீன்காரம்மாவின் கணவருடைய குழியோ அதைவிட மஞ்சள். கணினியில் பெரிய எண் வந்து நின்றது.

லேப் முதலாளி எட்டிப் பார்த்தார். “நம்பர் வந்துடுச்சில்ல? குடுத்து அனுப்புயா. மீதிய டாக்டரு பாத்துக்குவாரு.”

“சைபரே மஞ்சளா இருக்கு சார். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“திரும்பப் போட்டா இன்னும் எத்தினி குழி போவும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். திரும்பத்தான் போடணும்.”

அதைக் கேட்ட மீன்காரம்மா கதவருகே வந்துவிட்டார். “இன்னாப்பா, காலைலேர்ந்து ஒக்காந்துனு இருக்கேன். மெஷினு கோளாறா, ஆளு கோளாறா?”

மெஷின் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையிலேயே அடைத்துத்தான் கிடந்தது. நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“ஆளு கோளாறுதான்க்கா. நான் சரியா கழுவல.”

“மீனுக்கே மூணு தண்ணி பாக்கறோம் நாங்க. மனுசன் ரத்தத்துக்கு இந்தக் கழுவா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டீர்கள். “அதான்க்கா, மறுக்கா கழுவப் போறேன். ஆறு மணிக்குள்ள ஒன்ன டாக்டருகிட்ட சேக்கறது என் பொறுப்பு.”

பிறகு நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. புதிய பட்டைகள், அதே ரத்தம், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறை கழுவியதும் பட்டைகளைச் செருகிய தட்டைக் கவிழ்த்துப் புதுக் காகிதத்தில் டப் டப்பென்று தட்டினீர்கள். காகிதத்தில் ஈரம் வராதவரை நிறுத்தவில்லை. மீன்காரம்மா கதவருகிலேயே நின்றார். அமிலம் விட்டதும் நானும் எட்டிப் பார்த்தேன். சைபர் தண்ணீர் போல இருந்தது.

“எங்கூட்டுக்காரருது எது?”

நீங்கள் காட்டினீர்கள். பழைய காகிதத்தின் ஓரம் போல, லேசான மஞ்சள்.

“இவ்ளோதானா? அப்ப நல்லதா?”

“சாதாரணமா இருக்கற அளவுக்குள்ளதான் இருக்குக்கா. மத்தத டாக்டருதான் சொல்லணும். வா, வண்டியில ஏறு.”

கையெழுத்துப் போட்ட தாளோடு அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் பறந்தீர்கள். ஆறு மணிக்கு முன்னால் சேர்த்தும்விட்டீர்கள். அடுத்தடுத்த சோதனைகளிலும் அது கெட்ட கட்டி இல்லை என்றே வந்தது. அந்த அம்மா ஒருநாள் வஞ்சிரத்தோடு லேபுக்கே வந்து, “நல்லா கழுவித்தான் கொணாந்துருக்கேன், நீ கழுவாத” என்று சொல்லிவிட்டுப் போனதை வீட்டில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பீர்கள்!

இந்த மழைக்காலம் வந்தால் நீங்கள் போய் ஒரு வருடம். நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. செய்முறை வகுப்பில், எதையும் கலக்காத சோதனைக்குழாய் ஒன்றை முதலில் நிறுத்திவைப்பேன். “ஒண்ணுமில்லாததுல என்னாடி பாக்கற?” என்று பக்கத்துப் பெண் கேலி செய்வாள். “அது ஒண்ணுமில்லாமத்தான் இருக்குதான்னு பாக்கறேன்” என்பேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று நீங்கள் ஸ்கூட்டரில் போன பிறகு, காலிப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு முதலாளி நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“ஒங்கப்பன் பாதிக் கிட்ட முழுங்கிட்டாம் பாரு” என்றார். பட்டைகளை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, “எங்கூட்டு ஆளுங்க ரத்தத்த நான் வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். இத அவன்கிட்ட சொல்லிடாத, தலைக்கு ஏறிடும்” என்றார்.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியிருந்தேன். அதனால் சொல்லவே இல்லை. நீங்கள் எதிரே உட்கார்ந்து வஞ்சிரம் சாப்பிட்டபோதுகூட வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இன்று சொல்லிவிட்டேன், அப்பா. தலைக்கு ஏறினால் ஏறட்டும். எனக்கு அன்றே ஏறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

உங்கள்
பாப்பா