கண்காட்சியில் ஒரு கட்டில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கையும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தால் அதுவே போதும். தையல் மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தங்கையை, நம் வாயாடியைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து நவீன ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். நவீனம் என்றால் நம் புத்திக்கு எட்டாத நவீனம், ஒரு சுவர் முழுக்கக் கறுப்புப் பெயின்ட், மூலையில் கால் உடைந்த நாற்காலி, அதற்கும் ஒரு பெயர்ப்பலகை. நம் வீட்டுப் பரணைத் திறந்துவிட்டால் பத்துக் கண்காட்சி வைக்கலாம். நடு அறையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலாம், கசங்கிய விரிப்பு, நழுவிய தலையணை, ஆள் இல்லை, அவ்வளவுதான் படைப்பு. இவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், தலையணையைத் தட்டி வைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து நாலு மூலையும் செருகிவிட்டாள். காவலாளி கத்தியபோதுதான் இது கண்காட்சி என்று நினைவு வந்ததாம். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு எட்டு மாதம் செய்து பழகிய கை, அதற்குக் கலை என்ன தெரியும், கயிறு என்ன தெரியும்.

ஆசிரியை போன் செய்ததும் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டு ஓடினேன். அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "மடிப்பு இருந்தா அப்பாவுக்கு முதுகு புண்ணாயிடும்மா" என்று அதையே சொல்லித் தேம்பிக்கொண்டிருந்தாள். கண்காட்சிப் பொறுப்பாளர் நல்ல மனுஷி, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும், அண்ணன் ஒருநாளாவது வந்து அந்த விரிப்பை மாற்றினானா என்று கேட்டாள். நீ மூன்று முறை கிளம்புகிறேன் என்றாய், புது வேலை போய்விடும், அப்பா தேறிவிடுவார், வராதே என்று தடுத்தவள் நான். இத்தனை நாள் அவள் உன்னைக் கல்நெஞ்சன் என்று திட்டியதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். அது நான் செய்ததற்கு எனக்கு வந்தது, நீ நடுவில் சமாதானம் பேசாதே. அப்பாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் செய்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளைக் கூப்பிடு, எடுக்காவிட்டாலும் எடுக்கும்வரை கூப்பிடு. அவள் அழுதால், அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. நீயும் அழு.

இப்படிக்கு,
உன் அம்மா