பன்னிரண்டாவது சத்தம்

கிணற்று மேட்டில் உட்கார்ந்து என் சுற்றுகளை எண்ணிய என் ஏழுமலை அண்ணனுக்கு,

நான் ஜெயிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் நீ அதையே தேடிக்கொண்டிருப்பாய். ஆசிய நாடுகளெல்லாம் வந்திருந்த போட்டியில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஃபைனலில், எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தேன். தியாகதுருகத்துப் பக்கத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவனுக்கு இதுவே ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ சொல்லமாட்டாய். "ஆறாவதா? அதுக்கா கண்ணாடியெல்லாம் மாட்டிக்கினு போன?" என்றுதான் கேட்பாய்.

ஆனால் ஊர் பேசுவது ஆறாவது இடத்தைப் பற்றி இல்லை. ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது நீளம் போனால் பந்தயம் முடிந்தது. முப்பதும் முடித்துச் சுவரைத் தொட்டேன். மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் திரும்பி முப்பத்தொன்றாவது நீளம் போனேன். அந்த வீடியோவுக்குப் பாட்டுப் போட்டு போன் போனாக அனுப்பிச் சிரிக்கிறார்கள். கோச் தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதாடா உனக்கு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நம் பழக்கத்தைச் சொன்னேன். கிணற்று மேட்டில் ஏழு கல்லாக நிற்கிறார்களே கன்னிமார், எத்தனை சுற்று நீந்தினாலும் முடிவில் அவர்களுக்கென்று ஒரு சுற்று விடுவோமே, அந்த ஞாபகத்தில் போய்விட்டேன் என்றேன். மைக் பிடித்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொய், அண்ணா. கன்னிமார் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். இருபதாவது நீளம் முடித்துச் சுவரைக் காலால் உதைக்கும்போது சத்தம் கேட்டது. டங். மோட்டார் பைப்பில் ஸ்பேனரால் சுற்றுக்கு ஒரு தட்டு தட்டுவாயே, தண்ணீருக்குள் என் மண்டையே அதிருமே, அதே சத்தம். அடுத்த சுவரில் இன்னொன்று. கடைசி நூறு மீட்டருக்கு மணி அடிப்பார்கள், அதைத்தான் கேட்டிருப்பாய் என்கிறார் கோச். மணியும் கேட்டது. மணி மேலே அடித்தது, இது கீழே அடித்தது.

சுவருக்கு ஒன்றாக, முப்பதாவது நீளம் முடியும்போது பதினொன்று. எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. தலையைத் தூக்கப் போனபோது எதிர்ச்சுவரிலிருந்து பன்னிரண்டாவது வந்தது. மெதுவாக, கை ஓய்ந்துபோனவன் தட்டுகிற மாதிரி. திரும்பிவிட்டேன். வேறென்ன செய்வேன்?

அந்தக் குளத்தில் எப்போதும் மருந்து வாடைதான் அடிக்கும். அந்த ஒரு நீளத்தில் மூச்சுக்குத் தலை திருப்பிய ஒவ்வொரு முறையும் பாசி வாடை. கல்வராயன் மலையில் மழை பெய்தால் இரண்டு நாளில் நம் கிணறு ஏறுமே, அந்தப் புதுத் தண்ணீரின் குளிர். அடியில் நேராக ஓடும் கறுப்புக் கோடு ஓரிடத்தில் மறைந்துவிட்டது. அங்கே கண்ணை மூடிக்கொண்டேன். நீ இருப்பாயோ என்று பயம், இருக்கமாட்டாயோ என்றும் பயம்.

எதிர்ச்சுவரைத் தொட்டேன். ஓடு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மீதி எத்தனை நீளம் என்று பலகை காட்டுகிற அம்மா ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டடி பின்னால் போய் நின்றிருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. விரல் முட்டியால் நாற்காலியில் ஒரு தட்டு தட்டினார், தண்ணீரைக் காட்டினார், என்ன என்று கையை விரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லையே. மாவட்டத் தேர்வுக்காகக் கிணற்றில் சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. "ஒரு முங்கு போட்டு, அடியில வால்வுல இன்னா மாட்டிக்கினு இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன். நீ நிறுத்தாத" என்று ஸ்பேனரோடு இறங்கினாய். கொஞ்ச நேரத்தில் பைப்பில் சத்தம், விடாமல், வேகவேகமாக. நீ மேலே ஏறிவிட்டாய் என்று நினைத்தேன். வேகமாகத் தட்டினால் வேகமாகப் போ என்பதுதானே நம் பேச்சு? அண்ணன் வேகம் கேட்கிறான் என்று நானும் கையை வீசிப் போட்டேன். பதினொன்று வரை எண்ணினேன். சந்தோஷமாக எண்ணினேன், அண்ணா.

சத்தம் நின்றதும் தலையைத் தூக்கி, "போதுமாணா?" என்றேன். மேட்டில் யாரும் இல்லை. உன் இடுப்புத் துண்டு வால்வில் சுற்றிக்கொண்டிருந்ததை, உன்னைத் தூக்கியவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சாதித்தேன். அம்மாவிடமும்தான்.

நேற்று ஊருக்கு வந்தேன். அம்மா கிணற்றுப் பக்கம்தான் இருந்தாள். பைப்பையும் மோட்டாரையும் உன்னைத் தூக்கிய அந்த வாரமே பிடுங்கியாயிற்று. கிணற்றில் இப்போது இரும்பு என்று ஓர் ஆணிகூடக் கிடையாது.

"நீ நீந்தறத பாக்க எனுக்கு தெம்பு இல்லடா. சித்தி வூட்ல எல்லாரும் டிவி பாத்துக்கினு இருந்தாங்க, நான் இங்க வந்து குந்திக்கினேன். கெணத்துல சத்தம் கேட்டுச்சி."

"எத்தினி வாட்டிம்மா?"

நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா, அம்மா எதை எண்ணினாலும் அப்படித்தான். "லாபம்னு ஆரம்பிச்சேன். பன்னெண்டு வந்துச்சி." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி பதினொண்ணுதான்."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கொல்லையில களை எடுத்துக்கினு நானும் கேட்டேன்டா. சின்னவன் நீந்தறான், பெரியவன் எண்ணறான்னு நெனச்சிக்கினு கூடவே எண்ணினேன். பெத்த வயிறுடா இது. பாவி, லாபம்னு எண்ணினேனே!"

எட்டு வருஷமாக ஒரே வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். நானும் சொல்லிவிட்டேன். பளிச்சென்ற பகலில், கன்னிமார் கல்லுக்கு முன்னால், வாய்விட்டு அழுதோம். உனக்குக் கேட்டதா? பன்னிரண்டாவதை எதற்குத் தட்டினாய்? திட்டவா, விட்டுவிடு என்று சொல்லவா?

கிணற்றை மண்ணடித்து மூடிவிடச் சொல்கிறார்கள். மூடமாட்டோம். இன்று காலை சின்னசேலம் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்து மேட்டில் கட்டிவிட்டேன். இழுத்துப் பார்த்தாள் அம்மா, தாங்கும் என்றாள். நீ இன்னொரு முறை தட்டு, அண்ணா. எண்ண மாட்டோம். முதல் தட்டுக்கே வருவோம்.

அன்று நிற்காமல் நீந்திய உன் தம்பி,
குமரேசன்