ஒவ்வொரு பந்தியிலும் ஒரு பொய்

டீச்சர்,

இன்று காலை வகுப்பு அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. உங்கள் வாசிப்பு அட்டைகளைக் கரப்பான் அரிக்காமலிருக்க நீங்கள் போட்டு வைத்தவை. மேலே கிடந்தது அழுங்கு அட்டை, அந்தச் செதில் எறும்புதின்னியைப் பற்றியது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளங்கி வாசிக்க வேண்டுமென்று அரிய விலங்குகளைப் பற்றி எழுதுவீர்கள். ஒவ்வொரு பந்தியிலும் வேண்டுமென்றே ஒரு பொய் இருக்கும். அழுங்குக்குப் பல் இல்லை, பயந்தால் சுருண்டுகொள்ளும், முட்டையிடும், குட்டிக்குப் பால் கொடுக்கும். படத்தில் செதிலைக் கண்ட பிள்ளைகள் முட்டையை அப்படியே நம்பினார்கள். "டீச்சர் எழுதினதெண்டாலும் நம்பாதேங்கோ, திரும்ப வாசியுங்கோ" என்றீர்கள். பக்கத்து வகுப்பில் படிப்பித்த எனக்கு அந்த விளையாட்டு நல்லாய்ப் பிடித்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் நான். என்னைப் பொலிஸ் என்றுதானே பகிடி பண்ணுவீர்கள்.

பிறகு மாதம் தவறாமல் லீவு போட்டுவிட்டு மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகத் தொடங்கினீர்கள். அட்டை செய்ய பிறிஸ்டல் போட் வாங்கவாம். அது நம் பள்ளிக்கூட வாசல் கடையிலேயே தொங்குகிறது! யாரிடம் விடுகிறீர்கள் கதை? டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுக்கத்தான் அலைகிறீர்கள் என்று முடிவு கட்டினேன். இங்கே வருகிற டீச்சர்மார் முக்கால்வாசிப் பேரும் அதைத்தானே செய்கிறார்கள். நேரே கேட்டேன். நீங்கள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"ஓம், மாற்றத்துக்குத்தான். பொலிஸிட்ட ஒளிக்க ஏலாதே."

கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் மறுபக்கம். உங்களோடு தேநீர் குடிப்பதை விட்டேன். நீங்கள் மெலிந்ததையும் கண்டேன். டவுனுக்குப் போக ஸ்டைல் பண்ணுகிறார் என்று மற்ற டீச்சர்மாரிடம் முணுமுணுத்தேன்.

நீங்கள் போனது புற்றுநோய்க் கிளினிக்குக்கு. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்த பிறகுதான் உங்கள் தங்கச்சி சொன்னா. ஓடி வந்து கட்டிலடியில் நின்று அழுதேன், ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று சண்டையும் பிடித்தேன்.

"வீட்டில எல்லாரும் என்னைப் பாவமாப் பாத்தவை. நீங்கள் மட்டும்தான் கோவமாப் பாத்தனீங்கள். அது எனக்குத் தேவையா இருந்தது," என்றீர்கள்.

இன்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் அழுங்கு அட்டையை வாசிக்கக் கொடுத்தேன். பாலும் முட்டையும் எப்படிச் சேருமென்று ஒருத்தி பிடித்துவிட்டாள். அதோடு விடாமல், டீச்சர் ஏன் அந்தப் பொய்யை எழுதினா என்றும் கேட்டேன். நாங்கள் பார்க்கிறமா எண்டு பார்க்கத்தான் என்றாள். நான் பார்க்கவில்லையே, டீச்சர். பொய்யை மட்டும் பிடித்தேன்.

நீங்கள் கண்மூடியதிலிருந்து எல்லாரும் உங்களை நினைத்துப் பாவம் என்கிறார்கள். நான் சொல்வதில்லை. உங்களோடு எனக்கு இன்னும் கோபம்தான். அதை ஆற விடமாட்டேன்.