ஒரு மீட்டர் கோலும் இரண்டு நிழலும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் வலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. உன் சுகத்தைப் போனில் கேட்க வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். பின்னே, பூகோள டீச்சரைப் பெற்றவன், நம் ஊருக்கும் நீ வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கும் உள்ள நாலரை மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில்தான் இருப்பாய் என்று நடுவகுப்பில் கூப்பிட்டேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது. அதுவும் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உன்னை வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாளில்.

அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பதறி எடுத்தாய். வேறு யாராக இருந்தாலும் ராங் நம்பர் என்று வைத்திருப்பார்கள். நீயோ, எங்கப்பா மணியைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார், எங்கே தப்பு விட்டார் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டாயாம், அம்மா பிறகு சொன்னாள். அந்த பாஷை எனக்குப் புரியவில்லை, சிரிப்பு மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்புறம் என்னிடம், "அப்பா, கடையில துணி அளக்கிற மீட்டர் கோல் இருக்குல்ல, அதைத் தெருவில நேரா நிறுத்தி நிழலை அளந்து சொல்லுங்க" என்றாய். பேண்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த தபால்காரர் கோலைப் பிடித்துக்கொண்டார், நான் நடைபாதையில் முட்டி போட்டு இன்ச் டேப்பை நீட்டினேன். எதிர்க்கடை சலூன்காரர் சும்மா இருப்பாரா, "என்ன அண்ணே, இப்ப நிழலுக்கும் சட்டை தைக்கிறீங்களா?" என்றார். தபால்காரர் உடனே, "இடுப்புல கொஞ்சம் லூசா வைங்க" என்றார். நான் "இருபத்திமூணு" என்று கத்த, நீ "அது இன்ச்சுப்பா, டேப்பைத் திருப்பிப் பிடிங்க" என்றாய்.

உன் பிள்ளைகள் மைதானத்தில் நிறுத்திய அதே நீளக் கோலின் நிழல் இங்கே விழுந்ததைப்போல் மூன்று மடங்காம், விழுந்ததும் எதிர்ப்பக்கமாம். அங்கே சூரியன் இப்போதுதான் ஏறுகிறது, இங்கே இறங்கத் தொடங்கிவிட்டது என்று அவர்களே கண்டுபிடித்தார்களாம். தீர்க்கரேகை என்றாலே கொட்டாவி விடும் வகுப்பு என்று போன வாரம் அம்மாவிடம் அழுதாயே, அதே வகுப்பு. தலைமையாசிரியையும் குனிந்து அளந்து பார்த்தாராம், உன்னை நிரந்தரமாக்கிவிட்டாராம். அம்மா இதைத் தெருவுக்கே சொல்லிவிட்டாள், முழங்கால் வலி அன்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

எட்டாவதில் பூகோளத்தில் நான் வாங்கிய மார்க்கை என் அப்பாவுக்கே காட்டியதில்லை. அப்படிப்பட்டவனை மறைத்து வைக்காமல், எங்கப்பா என்று சொல்லி ஒரு வகுப்புக்கே பாடமாக்கினாய். அதற்குத்தான் நன்றி, கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு. வகுப்பில் போனை அமுக்கி வை, என் கணக்கை நம்பாதே. போன இடத்தில் நல்ல பெயரோடு நிறைவாக இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இன்னொன்று. "போதும்மா, வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லத்தான் அன்று கூப்பிட்டேன். அந்தப் பிள்ளைகள் உன்னை டீச்சர், டீச்சர் என்று போட்டி போட்டுக் கூப்பிட்டது காதில் விழுந்தது, எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். சொல்லாமல் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா