குளிரில் பொங்காத சாணி

பெருமாள்மலை
12.12.1983

அன்புள்ள அமலிக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் முட்டிவலி எப்படி? ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டலுக்கே ஆக்கிப்போடும் நான், பதினைந்து நாளாக என் கைச் சோற்றைத் தின்னவில்லை. பன்னும் டீயும்தான்.

விறகு வெட்டாமல் சமைக்க, மூன்று என்ஜினியர்கள் சாண கேஸ் குழி போட்டார்கள். அடுப்பு எரிந்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம், நீயும் இங்கே வரலாம். கேஸோ வரவில்லை. குழி கட்டியவர் இரும்பு மூடி செய்தவரைத் திட்டினார். அவர் கெமிஸ்ட்ரிக்காரரைத் திட்டினார். கெமிஸ்ட்ரிக்காரர் கக்கூஸ் குழாயையும் அதிலே விட்டு, என்னைக் கையால் கலக்கச் சொன்னார். சீ! கலக்கிய அந்தக் கையால் சோறு பிசைந்து தின்ன மனசு வரவில்லை.

"ஏன் சார், இந்தக் குளிருக்கு இட்லி மாவையே சாக்குல சுத்தி அடுப்போரம் வச்சாத்தான் பொங்குது. உங்க சாணி மட்டும் நடுங்கிக்கிட்டே பொங்குமாக்கும்?" என்றேன்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?" என்றார் கெமிஸ்ட்ரிக்காரர்.

"நீங்க மூணு பேரும் சண்டைய நிப்பாட்டுனாத்தானே நான் வாயத் தொறக்க முடியும்?"

அன்றுதான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குழியைச் சுற்றி வைக்கோல் பொதிந்து, சுடுதண்ணீரில் சாணி கரைத்தோம்.

சீயக்காயும் உன் கை ஊறுகாயும் அனுப்பு. தனியாகப் பன் தின்று நாக்கு செத்துக் கெடக்கு. வத்தலக்குண்டு ஜீப் கிளம்புகிறது, முடிக்கிறேன்.

இன்று காலை அடுப்பு எரிந்தது. வேலை நிரந்தரம். வலதுபக்க மீசையும் எரிந்தது. இடதுபக்கம் இருக்கிறது.

உன்
பரமானந்தம்